ஒழிந்துவிட்டது என்று சொன்ன நோய்

ஜனவரி மாதத்தின் கடைசி ஞாயிறு உலகத் தொழுநோய் தினம். 1954ஆம் ஆண்டிலிருந்து அது அனுசரிக்கப்படுகிறது. நமது தோட்டங்களில் பொங்கல் முடிந்த கையோடு வருகிற நாள் என்பதால் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. "தொழுநோயா? அது அந்தக் காலத்து வியாதி, இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்பவர்கள் தொழிலாளர்கள் மட்டுமல்ல. படித்தவர்களும் உத்தியோகத்தில் இருப்பவர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்த நோய் ஒழிந்துவிட்டது என்று அவர்களுக்கும் நமக்கும் சொல்லப்பட்டது. சொன்னவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை.

1991ஆம் ஆண்டு உலக சுகாதார ஸ்தாபனத்தின் மாநாட்டில் நாடுகள் கூடி ஒரு தீர்மானம் எடுத்தன. 2000ஆம் ஆண்டுக்குள் தொழுநோயை "பொதுச் சுகாதாரப் பிரச்சினை" என்ற நிலையிலிருந்து அகற்றிவிட வேண்டும் என்பதே அந்தத் தீர்மானம். அகற்றியதாக எப்படிக் கணக்குப் பார்ப்பது? பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவாகப் பதிவேட்டில் இருந்தால் போதும் என்றார்கள். இலங்கை 1995இலேயே அந்த இலக்கை எட்டியது. உலகம் மொத்தமாக 2000இல் எட்டியது. இந்தியா 2005 டிசம்பரில் எட்டியதாக அறிவித்தது. இவ்வளவு நீண்ட வாசகம் பத்திரிகைத் தலைப்புக்குள் அடங்குமா? "தொழுநோய் ஒழிந்தது" என்று சுருக்கிப் போட்டார்கள். அந்தச் சுருக்கம்தான் இன்றைக்கும் எல்லோர் மனதிலும் இருக்கிறது.

இந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆசிரியர் என்பதால் வகுப்புப் பதிவேட்டை வைத்தே விளக்குகிறேன். ஒரு வகுப்பில் வருடத்துக்கு 100 பேர் சேருகிறார்கள். படிப்பு ஐந்து வருடம் என்றால் எந்த நாளில் எண்ணினாலும் பதிவேட்டில் 500 பேர் இருப்பார்கள். அதே படிப்பை ஆறு மாதமாகக் குறைத்தால் பதிவேட்டில் 50 பேர்தான் இருப்பார்கள். ஆனால் வருடத்துக்குச் சேருகிறவர்கள் அதே 100 பேர்தான். தொழுநோயிலும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. முன்பு பல வருடங்கள், சிலருக்கு ஆயுள் முழுவதும், டாப்சோன் என்ற ஒரே மாத்திரையைக் கொடுத்தார்கள். 1981இல் உலக சுகாதார ஸ்தாபனம் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ஐந்து தேமல்கள் வரை உள்ளவருக்கு ஆறு மாதம், அதற்கு மேல் உள்ளவருக்கு 12 மாதம். மருந்து முடிந்ததும் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கிவிடும். பதிவேடு வேகமாகச் சுருங்கியது. புதிதாக நோய் பிடிப்பவர்கள் அந்த வேகத்தில் குறையவில்லை.

கூட்டு மருந்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஒரு கோடியே 60 இலட்சத்துக்கும் அதிகமானோர் அந்த மருந்தால் குணமடைந்திருக்கிறார்கள். 1995 முதல் உலகம் முழுவதும் அது இலவசம். ஏழைகளின் நோய்க்கு முழுமையான மருந்து, அதுவும் காசில்லாமல் கிடைப்பது எத்தனை தடவை நடந்திருக்கிறது? ஆகவே இந்த நோய் இன்னும் இருப்பதற்கு மருந்து இல்லை என்பது காரணமாக இருக்க முடியாது.

2023ஆம் ஆண்டில் உலகில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட தொழுநோயாளர்கள் ஒரு இலட்சத்து 82 ஆயிரத்துக்கும் மேல். அதில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் இந்தியாவில். பிரேஸிலில் 22 ஆயிரத்துக்கும் மேல், இந்தோனேசியாவில் 14 ஆயிரத்துக்கும் மேல். இந்த மூன்று நாடுகளை மட்டும் கூட்டினாலே உலகத் தொகையில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கிட்ட வந்துவிடும். மிகுதி பங்களாதேஷ், நேபாளம், மியன்மார், எத்தியோப்பியா, நைஜீரியா, கொங்கோ, மொசாம்பிக், மடகஸ்கார் என்று போகும். இந்தப் பட்டியலில் ஒரு பணக்கார நாட்டைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. புதிய நோயாளர்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நோயைக் கண்டுபிடித்த நாளிலேயே கையிலோ காலிலோ கண்ணிலோ கண்ணுக்குத் தெரியும் பாதிப்பு ஏற்பட்டிருந்தது. அந்தக் கடைசி எண்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. அத்தனை பேரும் நோய் உடலில் வந்து வருடக்கணக்கான பிறகே வைத்தியரிடம் வந்திருக்கிறார்கள் என்பது அதன் பொருள்.

கொவிட் காலத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2019இல் உலகில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான புதிய நோயாளர்கள் பதிவானார்கள். 2020இல் அது ஒரு இலட்சத்து 27 ஆயிரமாகச் சரிந்தது. ஒரே வருடத்தில் நோய் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டதா? இல்லை. தேடுவது நின்றுபோனது, அவ்வளவுதான். இந்தியாவில் இதற்கு நேர் மாறாக நடந்தது. 2005 அறிவிப்புக்குப் பிறகு வீடு வீடாகத் தேடும் வேலை பெரிதும் நின்றுபோய், நோயாளி தானாக வந்தால் பார்ப்போம் என்ற நிலை வந்தது. 2016இல் மறுபடியும் வீடு வீடாகப் போய்த் தேடும் இயக்கத்தை ஆரம்பித்தார்கள். அந்த ஒரு இயக்கத்தில் மட்டும் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டார்கள். அவர்கள் யாரும் அந்த வாரத்தில் நோய் பிடித்தவர்கள் அல்ல. பல வருடங்களாக அங்கேயே இருந்தவர்கள்.

சரி, இது என்ன நோய்? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நமக்குள் உலவுகிற கதைகளில் பாதி தவறு.

இது பாவத்தால் வருவதில்லை, பரம்பரையாக வருவதில்லை, நாக தோஷத்தால் வருவதில்லை. ஒரு கிருமியால் வருகிறது. 1873இல் நோர்வே நாட்டின் பேர்கன் நகரத்தில் ஹன்சன் என்ற வைத்தியர் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். கிருமி உடலுக்குள் வந்தபின் நோய் வெளியே தெரிவதற்குச் சராசரியாக ஐந்து வருடம், சிலருக்கு 20 வருடம்கூட ஆகும். சிகிச்சை பெறாத நோயாளி ஒருவரோடு நீண்டகாலம் நெருங்கி வாழ்ந்தால், அவரது மூச்சுத் துளிகள் வழியாக அது தொற்றலாம். கைகொடுத்தால் தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிட்டால், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் தொற்றாது. நூறு பேரில் ஏறத்தாழ 95 பேருடைய உடலுக்கு இந்தக் கிருமியைத் தானாகவே எதிர்க்கும் சக்தி இருக்கிறது. சிகிச்சை ஆரம்பித்தவரிடமிருந்து நோய் பரவாது. ஊரை விட்டு ஒதுக்கும் அளவுக்கு அஞ்சத்தக்க நோய் இது இல்லவே இல்லை. காசநோய் இதைவிட எவ்வளவோ வேகமாகத் தொற்றும். ஆனாலும் காசநோயாளியின் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடிப்பவர்கள் தொழுநோயாளியின் நிழலுக்கும் பயப்படுகிறார்கள்.

கிருமி விரலைத் தின்கிறது என்பது இன்னொரு கதை. கிருமி தின்பது நரம்பை. நரம்பு செத்தால் உணர்வு போகும். உணர்வு போன கையால் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கும்போது சுடுவது தெரியாது, கவ்வாத்துக் கத்தி வெட்டினாலும் தெரியாது. செருப்புக்குள் கல் இருந்தாலும் அதன் மேலேயே நாள் முழுக்க மலை ஏறலாம். வலிக்காத காயத்தை யாரும் கழுவிக் கட்டுவதில்லை. அது புண்ணாகி, சீழ் பிடித்து, எலும்புவரை போகிறது. விரல் குறைவது அப்படித்தான்.

இதை உலகத்துக்கு விளக்கிச் சொன்னவர்களில் முக்கியமானவர் டொக்டர் போல் பிராண்ட். 1914இல் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர், வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்தவர். கையைச் சத்திரசிகிச்சையால் சரிசெய்து அனுப்பிய நோயாளர்களுக்கு இரவோடிரவாக விரல் காணாமல் போவதைப் பார்த்து அவர் குழம்பினார். இரவில் விழித்திருந்து பார்த்தபோது விடயம் புரிந்தது. தூங்கும்போது எலி வந்து கடிக்கிறது, அவர்களுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகும் நோயாளர்களுக்கு மருந்தோடு ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள். கேட்கும்போது சிரிப்பு வரும். ஆனால் எலி ஓடும் கூரைக்குக் கீழே படுத்துறங்கும் மக்களின் நோய் இது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் புள்ளிவிபரமும் சொல்லாது.

கொழுந்து பறிப்பவர்களுக்குக் கைதான் ஆயுதம். இந்த நோய் முழங்கை நரம்பைப் பிடித்தால் முதலில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்து மடங்க ஆரம்பிக்கும். காலின் நரம்பைப் பிடித்தால் பாதம் தூக்க வராது, படியில் தடக்கும். கண்ணுக்கு வந்தால் இமை மூடாது. இவை எதுவும் நேற்று வந்து இன்று நடப்பதில்லை. ஆரம்பத்தில் ஒரு தேமல் மட்டுமே இருக்கும். தோலின் மற்ற இடத்தைவிட வெளிறி, அல்லது சிவந்து இருக்கும். அரிக்காது, வலிக்காது. பஞ்சால் தொட்டால் அந்த இடத்தில் மட்டும் தொடுவது தெரியாது அல்லது குறைவாகத் தெரியும். அந்தக் கட்டத்தில் வைத்தியரிடம் போனால் மாத்திரையோடு முடிந்துவிடும், ஒரு விரலும் மடங்காது. பால் போல வெள்ளையாகப் பரவுகிறதே, நாம் வெண்குஷ்டம் என்கிறோமே, அது இந்த நோயே அல்ல. அதில் உணர்வு போகாது, யாருக்கும் தொற்றாது. பெயரில் குஷ்டம் இருப்பதால் மட்டும் எத்தனை பெண்பிள்ளைகளுக்கு வந்த வரன் திரும்பிப் போயிருக்கிறது.

மருந்தைப் பற்றியும் ஒரு சொல். சாப்பிட ஆரம்பித்ததும் சிறுநீர் சிவப்பாகப் போகும், தோல் கொஞ்சம் கறுக்கும். அது மருந்தின் நிறம். பயந்துபோய் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், நிறுத்தக்கூடாது. சிகிச்சைக்கு முடிவு வந்த சில மாதங்களில் கறுப்பு மெல்ல மாறிவிடும். சிகிச்சைக் காலத்தில் தேமல் வீங்கிச் சிவந்தாலோ, நரம்பு வலித்தாலோ, கண் சிவந்தாலோ அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் உடனே போக வேண்டும். நரம்பு கெடுவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான்.

மருந்து இலவசம், அறிகுறி வெளியே தெரியும், நோயும் மெதுவாகத்தான் நகரும். பிறகு ஏன் ஒன்பதாயிரம் பேர் கை மடங்கிய பிறகு வருகிறார்கள்?

எனக்குத் தெரிந்த ஒரு பெண் முன்கையில் வந்த தேமலை இரண்டு வருடம் நீளக்கைச் சட்டைக்குள் மறைத்து வைத்திருந்தார். மஞ்சள் பூசினார், கடையில் களிம்பு வாங்கிப் பூசினார். தோட்ட டிஸ்பென்சரிக்குப் போகவில்லை. போனால் லயம் முழுக்கத் தெரியும். மகளுக்கு அப்போதுதான் பேச்சு நடந்துகொண்டிருந்தது. டவுன் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர் போகும், பஸ் காசும் போகும். ஒரு நாளோடு முடிகிற விடயமும் இல்லை, மாதம் ஒரு தடவை போக வேண்டும். அவர் படிக்காதவர் அல்ல, கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். சொன்னால் உடனே என்ன இழப்பேன், சொல்லாவிட்டால் என்றைக்கோ என்ன இழப்பேன் என்று கணக்குப் பார்த்தார். நமது நிலைமையில் இருக்கும் யாரும் அந்தக் கணக்கை அப்படித்தான் போடுவார்கள். கடைசியில் போனபோது இரண்டு விரல் மடங்கியிருந்தது.

இந்தப் பயத்தைத் தொழிலாளர்கள் சும்மா கற்பனை செய்துகொள்ளவில்லை. அரசாங்கங்கள் சட்டம் போட்டுக் கற்றுக்கொடுத்த பயம் இது. நமது நாட்டில் ஒல்லாந்தர் 1708இலேயே கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் தொழுநோயாளருக்கென்று விடுதி கட்டினார்கள். வெள்ளைக்காரர் 1901இல் கட்டாயமாகப் பிரித்துவைக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவு நோயாளரின் தீவாயிற்று. குணமான பிறகும் போக வீடில்லாமல் அங்கேயே முதுமையடைந்தவர்கள் பலர். இந்தியாவில் 1898இல் போட்ட சட்டத்தை 2016இல்தான் நீக்கினார்கள். கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதி அங்கே 2019வரை இருந்தது. பீஜித் தீவுகளில் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோன இந்தியக் கூலிகளிலும் நோய் கண்டவர்களை மக்கோகாய் என்ற தனித்தீவுக்கு அனுப்பினார்கள். அந்த ஆஸ்பத்திரி 1911 முதல் 1969வரை நடந்தது. இன்றைக்கும் உலகில் 20க்கும் மேற்பட்ட நாடுகளில் தொழுநோய் கண்டவர்களுக்கு எதிரான 100க்கும் அதிகமான சட்டங்கள் ஏட்டில் இருக்கின்றன.

பெரிய டொக்டர்மாரும் இதற்கு விலக்கில்லை. கிருமியைக் கண்டுபிடித்த அதே ஹன்சன், நோய் தொற்றுகிறதா என்று பார்க்க ஒரு நோயாளிப் பெண்ணின் கண்ணில் அவரது சம்மதமில்லாமலே ஊசியால் குத்தினார். 1880இல் வழக்கு வந்து ஆஸ்பத்திரிப் பதவியை இழந்தார். ஏழைப் பெண் ஒருத்திக்கு இழைத்த அநீதிக்கு அந்தக் காலத்திலேயே வழக்கு நடந்து தீர்ப்பு வந்திருக்கிறது என்பதுதான் எனக்கு அதில் முக்கியமாகப் படுகிறது.

அந்த நோர்வேயில் இப்போது இந்த நோய் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஏழை விவசாயிகளும் மீனவர்களும் நெரிசலான குடிசைகளில் இருந்தபோது ஆயிரக்கணக்கானோருக்கு இருந்தது. சரியான மருந்து உலகத்துக்கு வருவதற்கு முன்பே அங்கே மிகவும் குறைந்துவிட்டது. நோயாளரைத் தனிமைப்படுத்தியதே காரணம் என்று சொல்கிறவர்கள் உண்டு. வீடும் சாப்பாடும் மேம்பட்டதே காரணம் என்று சொல்கிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. ஹெந்தளையில் 1708 முதல் தனிமைப்படுத்திப் பார்த்தும் நம் நாட்டில் நோய் போகவில்லையே.

பிரேஸில் கதை நமக்கு வேறு விதத்தில் உதவும். அங்கே 1920களிலிருந்து நோயாளரைப் பிடித்துக் காலனிகளில் அடைத்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளைப் பிறந்தவுடனேயே தாயிடமிருந்து பிரித்து வேறு விடுதிகளுக்குக் கொண்டுபோனார்கள். சட்டம் 1962இல் மாறினாலும் நடைமுறை 1980கள்வரை இழுபட்டது. 1981இல் பாதிக்கப்பட்டவர்களே சேர்ந்து மோர்ஹான் என்ற அமைப்பை ஆரம்பித்தார்கள். அதை ஆரம்பித்தவர்களில் முன்னால் நின்றவர் பிரான்சிஸ்கோ நூனஸ். அவரும் நோயோடு காலனியில் வாழ்ந்தவர்தான். மக்கள் அவரைப் பக்குராவ் என்றார்கள். அது ஒரு இராப்பறவையின் பெயர்.

தர்மம் கேட்பதற்காக அந்த அமைப்பு உருவாகவில்லை. உரிமை கேட்டார்கள். 1995இல் அரசாங்கப் பத்திரங்களில் பழைய இழிவான நோய்ப்பெயரைப் பயன்படுத்தக்கூடாது என்று சட்டம் வந்தது. 2007இல் கட்டாயமாக அடைக்கப்பட்டவர்களுக்கு அரசாங்கம் வாழ்நாள் ஓய்வூதியம் கொடுக்கச் சட்டம் வந்தது. 2023இல் அதை, தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் விரித்தார்கள். அந்தப் பிள்ளைகள் அப்போது நரைத்த தலையோடு இருந்தார்கள். 1981இல் ஆரம்பித்த வேலை 42 வருடம் கழித்து அங்கே வந்து நின்றது. பிரேஸிலில் நோய் இன்னும் போகவில்லை என்பதும் உண்மை. ஆனால் மறைத்துத்தான் வாழ வேண்டும் என்ற நிலையைப் பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே கூடி அசைத்திருக்கிறார்கள். தொழிற்சங்கத்தில் இருக்கிற நமக்கு இந்த வழி புதிதா என்ன?

இலங்கைக்கு வருவோம். 1995இல் இலக்கை எட்டிய நமது நாட்டில் கொவிடுக்கு முந்திய வருடங்களிலும் ஆண்டுக்கு 1,500 முதல் 2,000 பேர் வரை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டார்கள். பத்தில் ஒருவர் அளவில் சிறுவர்கள். பிள்ளைக்கு நோய் இருக்கிறதென்றால் பக்கத்தில் சிகிச்சை பெறாத பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். உலக சுகாதார ஸ்தாபனம் முன்னுரிமை கொடுத்துக் கவனிக்கும் 23 நாடுகளில் இலங்கையும் ஒன்று. நோயாளர் அதிகமாக இருப்பது மேல் மாகாணத்தில், கிழக்கிலும் இருக்கிறார்கள். தோட்டத்தில்தான் இந்த நோய் என்று நான் சொல்ல வரவில்லை, யாரும் அப்படி எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஆனால் நமது பிள்ளைகள் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் தங்கி வேலை செய்கிறார்கள், நாலு பேர் படுக்கும் இடத்தில் பத்துப் பேர் படுக்கிறார்கள். தீபாவளிக்கு வரும் வீடும் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. காற்றோட்டம் இல்லாத அறையில் நெருங்கி வாழ்வதால் பரவும் நோய்க்கு நம் லயத்தில் இடமில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

நல்ல செய்தியும் உண்டு. நோயாளரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களைப் பரிசோதித்து, நோய் இல்லாதவர்களுக்கு ரிஃபாம்பிசின் மருந்தை ஒரே ஒரு தடவை கொடுத்தால் அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு குறைகிறது. பங்களாதேஷில் நடந்த ஆய்வில் முதல் இரண்டு வருடங்களில் அது பாதிக்கும் மேல் குறைந்தது. இலங்கையும் சேர்ந்த பல நாடுகளில் அதைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். 2018இல் உலக சுகாதார ஸ்தாபனமே பரிந்துரைத்தது. 2024 செப்டம்பரில் ஜோர்தான், தொழுநோயை ஒழித்த முதலாவது நாடு என்று அந்த ஸ்தாபனத்தால் உறுதிப்படுத்தப்பட்டது. இந்த முறை பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கு இல்லை. இருபது வருடங்களுக்கு மேலாக உள்நாட்டில் ஒருவருக்கும் தொற்றவில்லை என்பதைப் பார்த்துச் சொன்னார்கள். முடியாத காரியம் இல்லை என்பதற்கு அது சாட்சி.

ஆனால் வீட்டிலுள்ளவர்களைப் பரிசோதிக்க வேண்டுமானால் முதலில் நோயாளி தன் வீட்டைக் காட்ட வேண்டும். வேலை போகாது, பேர் வெட்டுப்படாது, லயத்தில் பேச்சு வராது என்ற நம்பிக்கை இல்லாமல் யார் காட்டுவார்கள்? அதை டொக்டரால் கொடுக்க முடியாது. தோட்டத்தில் அதைக் கொடுக்கக்கூடியவர்கள் நாம்தான். கிளினிக் துண்டைக் காட்டினால் அன்றைய பேர் முழுதாக விழ வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். இது தொழுநோய்க்கு மட்டுமல்ல, மாதாமாதம் கிளினிக் போகும் எல்லோருக்கும் சேர்த்துக் கேட்பது நல்லது. அப்போது யார் எதற்காகப் போகிறார் என்று துண்டைப் பார்த்து ஒருவருக்கும் தெரியாது. உணர்வு குறைந்த கையுள்ளவருக்கு ஸ்டோரில் சூடுபடாத, கத்தி படாத வேலை கொடுக்கும்படி பேச வேண்டும். நோயின் பெயர் டிஸ்பென்சரிக் கதவைத் தாண்டக் கூடாது என்பதையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

மாதர் சங்கத் தலைவிமாரிடம் ஒரு விசேட வேண்டுகோள். உலகில் கண்டுபிடிக்கப்படும் நோயாளரில் பத்தில் நான்கு பேரளவில்தான் பெண்கள். பெண்களுக்கு நோய் குறைவாக வருவதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் முதுகையும் தொடையையும் ஆண் உத்தியோகத்தர் முன்னால் காட்ட முடியாது என்பதும், வீட்டில் தன் உடம்பைப் பற்றிப் பேச நேரமில்லை என்பதும் நமக்குத் தெரியும். பிள்ளை மடுவத்திலோ கொழுந்து நிறுக்கும் இடத்திலோ இந்தப் பேச்சை ஆரம்பியுங்கள். குடும்பநல மிஸ்ஸிடம் காட்டலாம் என்று சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கும் வேலை இருக்கிறது. பாடசாலைக்கு மருத்துவப் பரிசோதனைக்கு வரும்போது உயரமும் நிறையும் பார்ப்பதோடு முடிக்காமல் பிள்ளைகளின் தோலையும் பார்க்கும்படி நாமே கேட்கலாம். பென்சில் அடிக்கடி கைநழுவும் பிள்ளையை, கையில் சுட்ட தழும்பு இருந்தும் எப்படி வந்தது என்று சொல்லத் தெரியாத பிள்ளையைக் கவனிக்கலாம். வகுப்பில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை அந்த நோயின் பெயரைச் சொல்லி ஏசும்போது கேட்காத மாதிரி இருக்கக் கூடாது. பெரியவர்கள் கூட்ட மேடையில் எதிர்க்கட்சிக்காரரை ஏசுவதற்கு இந்தச் சொல்லை எடுப்பதையும் நான் கேட்டிருக்கிறேன், நம்மவர்கள் உட்பட. பிரேஸில் அதற்குச் சட்டம் போட்டது. நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

உணர்வில்லாத தேமல் உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்குப் போங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். தனியாகப் போகத் தயக்கமென்றால் தோட்டத் தலைவரிடமோ தலைவியிடமோ சொல்லுங்கள், கூட வருவார்கள். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் பேச வேண்டிய விடயங்களில், தண்ணீர்க் குழாய்க்கும் லயத்துக் கூரைக்கும் கீழே கிளினிக் நாளுக்கான பேரையும் எழுதிக்கொள்ளுங்கள்.